பொத்தான் ஆலையின் லிஃப்ட்

ஏழாவது ஆளின் இடது கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் காயெத்தானுக்கு உறைத்தது. இறங்குவதானால் இந்த நிமிடமே இறங்கிவிட வேண்டும்.

பஸ் கிளம்பிவிட்டது.

"உள்ள போங்க சார், வழியில நிக்காதீங்க," என்றான் டிரைவர், கண்ணாடியில் பார்த்தபடி.

பிரெஞ்சுக்காரர்கள் வணக்கம் சொல்வது அப்படித்தான், ஆளுக்கு இரண்டு கன்னம். இன்னும் ஐந்து பேர். பத்துக் கன்னங்கள். ரயில் நிலைய வளைவில் பஸ் திரும்ப, எட்டாவது ஆளின் முத்தம் அவர் மூக்கில் விழுந்தது. பருத்த மனிதர் அவர். கோபித்துக்கொள்ளவில்லை. தோளில் ஓங்கித் தட்டினார்.

"அடடே, நீயா."

"நானேதான்," என்றார் காயெத்தான்.

கறாராகப் பார்த்தால் அது பொய்யில்லை. ஆனால் அன்றைய பொய்களெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கின.

மூன்று வாரமாக அந்த நோட்டீஸ் ரொட்டிக் கடைக் கதவில் ஒட்டியிருந்தது. 'ப்ரெவி பொத்தான் ஆலைப் பழைய தொழிலாளர் சங்கம். வருடாந்திரச் சுற்றுலா. லுவார் நதிக்கரையில் மூன்று திராட்சைத் தோட்டங்கள், ஒயின் ருசி, மதியச் சாப்பாடு, எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. வியாழக்கிழமை காலை எட்டு மணி, ரயில் நிலைய வாசல். பெயர் கொடுக்க வேண்டாம். ஆலைக்காரர் என்று டிரைவரிடம் சொன்னால் போதும்.'

காயெத்தான் பொத்தான் ஆலைக்காரர் அல்ல. முப்பத்தேழு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். இப்போது எழுபது வயது. அத்தனை வருடத்தில் ஜனங்கள் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "இன்னும் எவ்வளவு நேரமாகும்?" மனைவி பதினொரு வருடம் முன்பு கிளம்பிப் போனாள். வீட்டில் பேச ஒரு ஆள் இல்லை என்று காரணமும் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் சொன்னது எவ்வளவு சரி என்று அவள் போன மறுநாளே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரம் அவரிடம் பேசியவர்கள் இரண்டே பேர். ஒருவர் பல் டாக்டர். 'வாயைத் திறங்க' என்றார். இன்னொருவர் தவறான எண்ணில் அழைத்த பெண்மணி. அவளை நான்கு நிமிடம் போனை வைக்கவிடாமல் பேசினார்.

வியாழன் விடுமுறை. ஊரே குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போயிருந்தது. காயெத்தான் ரயில் நிலையத்துக்கு வந்தது பஸ் ஏற அல்ல. ஒரு கூட்டம் கிளம்புவதைத் தள்ளி நின்று பார்க்க. தூறல் பிடித்தது. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பட்டன் பாக்டரியா சார்?" என்றான்.

காலருக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"ம்," என்றார் காயெத்தான்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்குள் பன்னிரண்டு பேருக்கு முத்தம் கொடுத்தாகிவிட்டது. முத்தம் கொடுத்த பிறகு ஒருவரிடம் பெயர் கேட்க முடியாது. கேட்டால், இத்தனை நேரம் என்னை யாரென்று நினைத்தாய் என்று வரும். ஆகவே அவர் பெயர் கேட்கவில்லை. நல்லவேளையாக அவர்களும் கேட்கவில்லை.

முதல் இருக்கையில் சாம்பல் நிற மழைக்கோட்டுப் பெண்மணி ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் பழுப்பு உறை. உள்ளே அன்றைய நிகழ்ச்சி நிரல். சங்கச் செயலாளர் என்று அவள் முதுகே சொல்லியது. இவளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று காயெத்தான் முடிவு செய்த அதே நொடியில் அவள் திரும்பினாள்.

"எந்த செக்‌ஷன் நீ?"

சங்கத்தில் 'நீங்க' கிடையாது போலிருக்கிறது.

"லிஃப்ட்," என்றார். வாயில் வந்தது அதுதான். அவருக்குத் தெரிந்ததும் அதுதான்.

"லிஃப்டா?"

பஸ்ஸின் துடைப்பான் இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்தது. தொலைந்தோம் என்று காயெத்தான் நினைத்தார்.

"அந்தப் பாழாப்போன லிஃப்ட்," என்று பின்னாலிருந்து பருத்த மனிதர் கத்தினார். "ரெண்டு மணி நேரம் நான் அதுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கெடந்தேனே. கையில ஒரு பெட்டி சிப்பி பட்டன். யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன," என்றாள் சிவப்பு சால்வை போட்ட ஒல்லியான பெண். "நீ போட்ட கூச்சல் ஆத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு."

காயெத்தானுக்கு மூச்சு வந்தது. ஆலையில் உண்மையிலேயே ஒரு லிஃப்ட் இருந்திருக்கிறது. ஆண்டவன் இருக்கிறான்.

"அப்ப என்னை வெளிய எடுத்தது நீதான்," என்றார் பருத்தவர். கண்ணில் நன்றி தளும்பியது.

இல்லை என்றால் வேறு ஒரு லிஃப்ட்காரரைக் கண்டுபிடிக்க வேண்டி வரும். "நான்தான்," என்றார் காயெத்தான்.

பருத்தவர் எழுந்து வந்து மறுபடியும் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

பேச்சை மாற்றியாக வேண்டும். "லிஃப்டுன்னா எனக்கு அந்த நாய் ஞாபகம்தான் வரும்," என்றார் காயெத்தான். நாய் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது.

"ஃபோர்மன் நாய்தானே," என்றாள் சிவப்பு சால்வை.

"தானா ஏறி தானா இறங்கும்," என்று சமாளித்தார் காயெத்தான்.

"பட்டனை முழுங்கிடுமே அது," என்றார் கடைசி இருக்கையில் ஒருவர்.

"பேரு என்ன, பேரு... பிஸ்தூ," என்றாள் மழைக்கோட்டு, யோசித்து.

பத்து கிலோமீட்டர் போவதற்குள் பிஸ்தூ ஒரு காலை நொண்டியது, ஒரு திருடனைப் பிடித்தது, வேலைநிறுத்தத்தின்போது ஆலை வாசலில் உயிரை விட்டது. சிவப்பு சால்வை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தான் சும்மா சொன்ன நாய் நிஜமாக இருந்திருக்கிறதே என்று காயெத்தான் வியந்தார். அன்றைக்குத் தன் அதிர்ஷ்டம் உச்சத்தில் இருப்பதாக நம்பினார்.

முதல் தோட்டம் மேட்டின் உச்சியில். வெயில் வந்துவிட்டது. கீழே லுவார் நதி மணல் திட்டுகளுக்கிடையில் சோம்பலாகப் போனது. வாரிவிட்ட தலைமுடி போலத் திராட்சை வரிசைகள் சரிவில் இறங்கின. இதைத் தனியாகப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். இப்போது முழங்கையால் இடித்து, "பாருய்யா, பாரு," என்று சொல்ல இரண்டு பக்கமும் ஆள் இருந்தது.

தோட்டத்துக்காரி மதாம் பெராஷோன் ரப்பர் பூட்ஸ் போட்ட நெட்டையான பெண்மணி. நிலவறையில், பீப்பாய்களுக்கு நடுவே, ஆளுக்கொரு கோப்பையும் ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸும் கொடுத்தாள். நடுவில் ஒரு வாளி வைத்தாள். ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கு.

மழைக்கோட்டுப் பெண்மணி கோடு போட்டது போலத் துப்பினாள். காயெத்தானும் துப்பினார். அது மதாம் பெராஷோனின் பூட்ஸில் விழுந்தது.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு காயெத்தான் துப்பவில்லை. விழுங்கினார். அது துப்பியதைவிட ஆபத்தாக முடிந்தது.

"என்ன வாசனை வருது, சொல்லுங்க."

"எலுமிச்சை," என்றார் பருத்தவர்.

"வெட்டின புல்லு," என்றாள் சிவப்பு சால்வை.

மதாம் பெராஷோனின் பார்வை காயெத்தானிடம் வந்து நின்றது. அவர் கோப்பைக்குள் மூக்கை விட்டார். அவருக்குத் தெரிந்த வாசனை ஒன்றுதான். ஓடுகிற லிஃப்ட் பிரேக் பிடிக்கும்போது வருவது. அதைச் சொல்ல முடியாது. ஆலைக்குத் தக்கபடி மாற்றினார்.

"கல்லுல இரும்பு உரசின மாதிரி. பட்டனுக்கு ஓட்டை போடறப்ப வருமே, அந்த வாசனை."

மதாம் பெராஷோன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உங்க சங்கத்து மிஷ்யே ஒபெர்த்தேன் இதே வார்த்தையைத்தான் சொல்வார். வருஷா வருஷம், இதே இடத்துல நின்னு."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். "ஒபெர்த்தேனா, கேக்கணுமா," என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. காயெத்தானும் முணுமுணுத்தார்.

"நாலு வருஷமா அவர் தனியாத்தான் வந்தார்," என்றாள் அவள். "இவ்வளவு பெரிய பஸ்ல ஒரே ஆள். மத்தவங்களுக்கு ஏதோ வேலை வந்துடுச்சு, அடுத்த வருஷம் நிச்சயம் வருவாங்கம்பார். போன நவம்பர்ல வந்து இந்த வருஷத்து ஏற்பாட்டையும் செஞ்சுட்டுப் போனார். பிப்ரவரியில போய்ச் சேந்துட்டார்."

அவள் துப்பும் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"அடக்கத்துக்கு நானும் உங்க டிரைவரும்தான். பாதிரியார் மூணாவது. நீங்கள்லாம் அன்னிக்கு எங்க இருந்தீங்கன்னு கேக்கணும்னு நெனச்சிட்டிருந்தேன்."

நிலவறையின் குளிர் திடீரென்று கூடியது போலிருந்தது.

"எனக்கு முழங்கால்," என்றார் பருத்தவர்.

"எனக்குத் தகவலே வரல," என்றாள் சிவப்பு சால்வை.

"நான் ஊர்ல இல்ல," என்றாள் மழைக்கோட்டு, உறையைப் பார்த்துக்கொண்டு.

"பிப்ரவரின்னாலே எனக்கு நெஞ்சுச் சளி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

காயெத்தானுக்கு உள்ளே சுருக்கென்று கோபம் வந்தது. என்ன மனிதர்கள் இவர்கள். நாய்க்கு அழத் தெரிகிறது, கூட வேலை செய்தவனுக்கு ஒரு பிடி மண் போட நேரமில்லை. அந்தக் கோபத்தில் தன் முறை வந்ததைக் கவனிக்கவில்லை.

"நீங்க?" என்றாள் மதாம் பெராஷோன்.

"எனக்கு அன்னிக்கு... லிஃப்ட் வேலை."

"பாக்டரி மூடி நாப்பது வருஷம் ஆச்சே."

"வேற லிஃப்ட்," என்றார் காயெத்தான்.

வாசலில் சாய்ந்து நின்ற டிரைவர் சீஸை மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது மதாம் பெராஷோன் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தாள். காயெத்தானுடையது கையில் கனத்தது. இது ஆலைக்காரனுக்குரிய பாட்டில். திருடியது போலத்தான்.

இரண்டாவது தோட்டத்தில் சாப்பாடு. லிண்டன் மரத்தடியில் நீளமான மேஜை, வெள்ளை விரிப்பு, தூரத்தில் நதி. ஊற்றி வைத்திருந்த சூப் தட்டுகளின் முன் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சமையல்காரி கோழித் தட்டுகளோடு வந்தாள். எண்ணினாள். தட்டுகளோடு திரும்பி நடந்தாள்.

"ஏம்மா, என்னாச்சு?" என்று கூப்பிட்டார் பருத்தவர்.

"பதிமூணு பேர் இருக்கீங்க. பதிமூணு பேர் ஒரே மேஜையில சாப்பிட்டா வருஷத்துக்குள்ள ஒருத்தர் போயிடுவாங்க. நான் பரிமாற மாட்டேன். யாராச்சும் ஒருத்தர் எந்திரிச்சு அந்தக் கெணத்தடி மேஜைக்குப் போங்க."

கிணற்றடியில் ஒரு சின்ன இரும்பு மேஜை. ஒரே ஒரு நாற்காலி.

பதிமூன்று பேரும் கைத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எழவில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதற்காகவா இவ்வளவு தூரம் வந்தது என்பது போல நாற்காலிகளை இறுகப் பிடித்திருந்தார்கள்.

நியாயம் என்று ஒன்று இருந்தால் எழ வேண்டியவர் யார் என்று காயெத்தானுக்குத் தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கிணற்றடியில் போய் உட்கார்ந்தார். வீட்டில் எப்படி உட்காருவாரோ அப்படி, சுவரைப் பார்த்து.

அரை நிமிடம் கழித்து இன்னொரு நாற்காலி புல்லில் இழுபடும் சத்தம்.

"என்னைக் காப்பாத்தினவன் தனியா சாப்பிட்டா எனக்குத் தொண்டையில எறங்குமா," என்றார் பருத்தவர், தட்டை இரும்பு மேஜையில் வைத்து.

பிறகு சிவப்பு சால்வை வந்தாள். நெஞ்சுச் சளிக்காரர் வந்தார். பெரிய மேஜையில் ஆட்கள் குறையக் குறைய, மிச்சமிருந்தவர்களின் முகத்தில் பீதி தெரிந்தது. அவர்களும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கடைசியாக மழைக்கோட்டுப் பெண்மணி மட்டும் பத்தடி நீள மேஜையில் தனியாக இருந்தாள். மூன்று வினாடி தாங்கினாள்.

ஒரு தட்டு வைக்கும் அளவுள்ள மேஜையைச் சுற்றி இப்போது பதிமூன்று பேர். தட்டுகள் மடியில். முழங்கைகள் பக்கத்து ஆளின் சூப்பில்.

"இது அதைவிட மோசம்," என்றாள் சமையல்காரி. போய் டிரைவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் உட்கார வைத்தாள். "பதினாலு. இப்ப எல்லாரும் பெரிய மேஜைக்கு நடங்க."

கோழி வந்தது. ஒயின் வந்தது. மறுபடியும் ஒயின் வந்தது. மழைக்கோட்டுப் பெண்மணி கரண்டியால் கோப்பையைத் தட்டினாள்.

"ஒபெர்த்தேனைப் பத்தி யாராச்சும் நாலு வார்த்தை பேசணும். அதுதான் மரியாதை."

பன்னிரண்டு முகங்கள் காயெத்தான் பக்கம் திரும்பின.

"நீதானே அவர் சொல்ற வார்த்தையையே சொன்ன," என்றாள் அவள்.

"எனக்குத் தொண்டை சரியில்ல," என்றார் காயெத்தான். உடனே தொண்டைக்கு நல்லது என்று அவர் கோப்பையை நிரப்பினார்கள். அதையும் குடித்தபின் எழுந்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பார்த்தே இராத ஒரு மனிதர். என்ன சொல்வது. தப்பு வராத ஒன்றைச் சொன்னார்.

"அவர் அதிகம் பேச மாட்டார்."

தலைகள் ஆடின.

"பேசப் புடிக்காம இல்ல. ஆள் இல்ல." காயெத்தான் மேஜை விரிப்பைப் பார்த்தார். "ரொட்டிக் கடையில அரை ரொட்டிதான் வாங்குவார். முழுசு வாங்கினா காஞ்சு போகும். ஞாயித்துக்கிழமை போன் பக்கத்துலயே உக்காந்திருப்பார். யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும் குளிக்கப் போறப்ப கதவைத் தொறந்து வச்சுட்டுத்தான் போவார், மணி அடிச்சா கேக்கணும்னு."

மரத்தில் தேனீக்களின் சத்தம் மட்டும் கேட்டது.

"கடையில மூக்குக் கண்ணாடி வாங்கப் போனா பேச்சை இழுப்பார். கடைக்காரப் பொண்ணு வாட்சைப் பாக்கும். அவர் பாக்காத மாதிரி இருப்பார். அப்பறம் ஒரு நாள் ஒரு நோட்டீஸ் எழுதினார். ஒருத்தரும் வர மாட்டாங்கன்னு நெனச்சிருப்பார். ஆனாலும் சாப்பாட்டுக்குச் சொல்லி வச்சார். இன்னிக்கு நாம வந்திருக்கோம்." கோப்பையைத் தூக்கினார். "கொஞ்சம் லேட்டா."

உட்கார்ந்தார். பருத்தவர் கைத்துணிக்குள் முகத்தை வைத்திருந்தார். மழைக்கோட்டுப் பெண்மணி எங்கேயோ நதியைப் பார்த்தாள். டிரைவர் அன்றைக்கு முதல் முறையாக மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

"பிஸ்தூவுக்கும் ஒண்ணு," என்றாள் சிவப்பு சால்வை, மூக்கை உறிஞ்சி. நாய்க்காகவும் குடித்தார்கள்.

அந்த உருக்கத்தில்தான் அந்த விபரீதம் வந்தது.

"இனிமே ஒருத்தரை ஒருத்தர் விடக் கூடாது," என்றாள் மழைக்கோட்டு. "மாசம் ஒரு தடவை யாராச்சும் ஒருத்தர் வீட்டுல கூடுவோம். எல்லாரும் இந்த உறை மேல பேரும் விலாசமும் எழுதுங்க."

உறை மேஜையைச் சுற்றி வரத் தொடங்கியது. மிக மெதுவாக வந்தது. எழுதிய ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருந்த பெயர்களை உதடு அசைய, பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுத்தார்கள். காயெத்தானும் படித்தார். பருத்தவர் பெயர் மார்சியல். சிவப்பு சால்வை சோலாஞ்ச். மழைக்கோட்டு ஒதில். முத்தம் கொடுத்து ஐந்து மணி நேரம் கழித்துத் தெரிந்துகொண்டார்.

பேனா அவர் கையில் இருந்தது.

பொய் விலாசம் எழுதினால் தப்பித்துவிடலாம். யாரும் வர மாட்டார்கள். யாருமே. உண்மை விலாசம் எழுதினால் வருவார்கள். வந்து கூடத்துச் சுவரில் லிஃப்ட் கம்பெனி கொடுத்த ஓய்வுப் பட்டயத்தைப் பார்ப்பார்கள். அதில் சேர்ந்த வருடம், விட்ட வருடம் எல்லாம் பொன்னெழுத்தில் இருக்கிறது.

உண்மை விலாசத்தை எழுதினார். அடைப்புக்குள், 'இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை.'

ஒதில் உறையை வாங்கிப் பார்த்தாள். "அப்ப முதல் கூட்டம் காயெத்தான் வீட்டுல," என்றாள்.

பட்டயத்தைக் கழற்றிவிடலாம். ஆனால் சுவரில் அதன் தடம் இருக்கும். அந்த இடத்தில் நாய்ப் படம் ஒன்றை மாட்டலாமா என்று யோசித்தார். பிஸ்தூ என்ன ஜாதி என்று பஸ்ஸில் யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் பாடினார்கள். யாருக்கும் இரண்டாவது வரி தெரியவில்லை. அங்கே தோட்டத்துக் கிழவர் சிவப்பு ஒயினை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணு காட்டணும்," என்று உள்ளறைக்கு அழைத்துப் போனார்.

சுவரில் சட்டம் போட்ட பழைய புகைப்படம்.

"ஒபெர்த்தேன் குடுத்தது. உங்க பாக்டரி. எழுபத்தெட்டுல எடுத்தது. உங்கள்ல யாராச்சும் இருக்கீங்களா பாருங்க."

நூறு பேர் வரிசையாக நின்றார்கள். சோலாஞ்ச் உற்றுப் பார்த்து ஒரு மங்கலான முகத்தில் விரல் வைத்தாள். "இது நான்தான்னு நெனைக்கிறேன்."

"மீசை இருக்கே," என்றார் கிழவர்.

"நிழல்," என்றாள் சோலாஞ்ச்.

காயெத்தான் மனிதர்களைப் பார்க்கவில்லை. கட்டடத்தைப் பார்த்தார்.

ரம்பப் பல் போன்ற கூரை. நீளமான சுவர். வரிசையாக ஜன்னல்கள். அவ்வளவுதான். தரையோடு தரையாக, ஒரே தளம்.

"மெஷினு அவ்வளவு கனம்," என்றார் கிழவர், ஏதோ பெருமையாக. "அதான் மாடியே கட்டல. ஏறி எறங்கற வேலையே கெடையாதும்பார் ஒபெர்த்தேன்."

பதிமூன்று பேரும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முடிந்தது. இப்போது ஒதில் திரும்புவாள். நீ யார் என்று கேட்பாள். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். இதே வெயிலில் நதியோரமாக முப்பது கிலோமீட்டர் தனியாக நடந்து, அரை ரொட்டியோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

மார்சியல் தொண்டையைச் செருமினார்.

"லிஃப்ட் கீழ போகும்," என்றார்.

யாரும் மூச்சு விடவில்லை.

"பூமிக்கு அடியில," என்றார் மார்சியல். "கிடங்குக்கு."

"ஆமா ஆமா," என்றாள் சோலாஞ்ச் அவசரமாக. "கிடங்கு. சிப்பியெல்லாம் அங்கதான் இருக்கும்."

"ரெண்டு தளம் கீழ," என்றாள் ஒதில் தீர்மானமாக. "படத்துல எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்," என்றார் நெஞ்சுச் சளிக்காரர். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

காயெத்தானுக்குக் கண் கலங்கியது. இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. இவர்களுக்குக் காலையிலிருந்தே தெரியும். லிஃப்டும் இல்லை, நாயும் இல்லை. தனியாக நனைந்துகொண்டு நின்ற ஒரு கிழவனைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு, அவன் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் ஒரு முட்டுக் கொடுத்து, நாள் முழுக்கத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களையா காலையில் மனதுக்குள் திட்டினோம்.

இவர்களை இனியும் ஏமாற்றக் கூடாது. ஆனால் முகத்துக்கு நேரே சொல்லவும் வாய் வராது.

ஆறு மணிக்கு பஸ் ரயில் நிலைய வாசலில் நின்றது. மறுபடியும் இருபத்து நான்கு கன்னங்கள். இந்த முறை ஒவ்வொன்றும் கொஞ்சம் நேரமெடுத்தது.

காயெத்தான் எல்லோரும் போகட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டினார். அவர்கள் போவதாக இல்லை. மார்சியல் டிரைவர் ஜன்னலில் தலையை விட்டு ஏதோ கிசுகிசுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தார். சோலாஞ்ச் போனாள். நெஞ்சுச் சளிக்காரர் போனார். ஒவ்வொருவராக டிரைவரிடம் நின்று, தலையைக் குனிந்து பேசி, கை குலுக்கிவிட்டுப் போனார்கள். நன்றி சொல்லத் தெரிந்த ஜனங்கள் என்று காயெத்தான் நினைத்துக்கொண்டு, கயிற்றை மூன்றாவது முறை அவிழ்த்துக் கட்டினார். தெருமுனை வரை போன ஒதில் கூடத் திரும்பி வந்தாள். "குடையை விட்டுட்டேன்," என்றாள், குடையைக் கையில் வைத்துக்கொண்டு. பஸ்ஸில் ஏறினாள். ஐந்து நிமிடம் கழித்து இறங்கிப் போனாள்.

வாசல் காலியானது. டிரைவர் சீட்டுகளுக்கிடையில் பெருக்கிக்கொண்டிருந்தான். காயெத்தான் படியில் ஏறி நின்றார்.

"தம்பி, ஒரு விஷயம்."

"சொல்லுங்க சார்."

"இந்த பாட்டில் எனக்குச் சேர வேண்டியது இல்ல." முன் சீட்டில் வைத்தார். "நான் பட்டன் பாக்டரியில ஒரு நாள்கூட வேலை செஞ்சதில்ல. ஒபெர்த்தேன் யாருன்னே தெரியாது. லிஃப்ட், நாய், எல்லாம் நானா சொன்னது. நான் அரை ரொட்டின்னு சொன்னது... அது என் ரொட்டி. அவங்க எல்லாருக்கும் தெரியும்னு நெனைக்கிறேன். தெரிஞ்சும் காட்டிக் குடுக்கல. தங்கமான மனுஷங்க. ஒதில்கிட்ட சொல்லிடு, என் வீட்டுக்கு வரணும்னு கட்டாயம் இல்ல. நான் உங்க சங்கத்து ஆள் இல்ல."

டிரைவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தான். முன் சீட்டைத் தடவிப் பார்த்தான்.

"இது அவர் சீட்டு சார். அந்த உறையை இதுல நான்தான் வச்சேன். காலையில முதல்ல ஏறினது அந்தம்மா, எடுத்து மடியில வச்சிக்கிட்டாங்க. நோட்டீஸையும் நான்தான் ஒட்டினேன், அவர் சாகறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போனார். சங்கத்துல கடைசியா மிச்சம் இருந்தது அவர் ஒருத்தர்தான்."

"ஒருத்தரா? அப்ப இவங்க..."

டிரைவர் பாட்டிலைத் துடைத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"வச்சுக்குங்க சார், அடுத்த மாசம் வீட்டுக்கு ஆளுங்க வர்றப்ப வேணும்," என்றான். "காலையில பதிமூணு பேர் ஏறினீங்க. நான் பாக்டரி ஆள் இல்லன்னு என்கிட்ட வந்து சொல்ற பதிமூணாவது ஆள் நீங்க."